ஈரத்தோடு நான்கு மாதம்: மும்பைக்குப் புதிதாகக் குடிவரும் குடும்பங்களுக்கு

நம் ஊரில் வீட்டுச் சுத்தம் என்றால் தண்ணீர்தான். விடிந்ததும் வாசல் தெளிக்கிறோம். வெள்ளிக்கிழமை வந்தால் வீட்டைக் கழுவி விடுகிறோம். திருநெல்வேலி வெயிலில் கழுவிய தரை அரை மணி நேரத்தில் காய்ந்துவிடும். அந்தப் பழக்கத்தோடுதான் நானும் செம்பூருக்குக் குடிவந்தேன். வந்த முதல் ஜூலையில் ஒரு நாள் பீரோவைத் திறந்தேன். அம்மா எடுத்துக் கொடுத்த கூறைப்புடவையின் மடிப்பு ஓரம் முழுக்கச் சாம்பல் நிறத்தில் பொட்டுப் பொட்டாகப் பூஞ்சணம் பூத்திருந்தது. தொட்ட விரலில் மாவு போல ஒட்டியது. அடுக்குக்குள்ளிருந்து பழைய ஈரத்துணி வாடை வந்தது. இத்தனைக்கும் நான் தினமும் இரண்டு வேளை தரையைத் தண்ணீர் விட்டுத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

எதிர் வீட்டு மாவ்ஷி (மராத்தியில் சித்தி) வந்து புடவையைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், பிறகு என் கையிலிருந்த வாளியைப் பார்த்து, "கோரட" என்றார். மராத்தியில் உலர்ந்தது என்று பொருள். அதற்குப் பிறகு இங்கே இருபத்திரண்டு மழைக்காலங்களைப் பார்த்துவிட்டேன். புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது அந்த ஒரு சொல்லைத்தான். ஜூன் முதல் செப்டம்பர் வரை மும்பையில் 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிறது. அந்த நான்கு மாதமும் இங்கே சுத்தமான வீடு என்றால் உலர்ந்த வீடுதான்.

வீடு பார்க்கும்போதே

இங்கே மழை தென்மேற்கிலிருந்து வருகிறது. மேற்கும் தெற்கும் பார்த்த வெளிச்சுவர்கள்தாம் சாரலை நேரே வாங்கும். வீடு பார்க்கப் பகலில் போங்கள். அந்தச் சுவர்களை ஜன்னலுக்குக் கீழேயும் கூரையோரத்திலும் உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். பெயின்ட் கொப்புளித்திருந்தாலோ, தட்டினால் பொக்கென்று சத்தம் கேட்டாலோ உள்ளே நீர் இறங்கியிருக்கிறது. அறை முழுவதும் பழைய பெயின்டாக இருக்க, ஒரு மூலை மட்டும் புதிதாக அடித்திருந்தால் அந்த மூலையைப் பற்றிக் கேளுங்கள். அலமாரிக் கதவைத் திறந்து முகர்ந்து பார்க்கவும் கூச்சப்படாதீர்கள். கண்ணுக்குத் தெரியாததை மூக்கு சொல்லிவிடும்.

குளியலறைக் கூரையில் பழுப்புக் கறை இருந்தால் மாடி வீட்டுக் குழாய் கசிகிறது என்று அர்த்தம். இரு வீட்டுக்காரர்களுக்கும் இடையே அந்தச் சண்டை ஆண்டுக்கணக்கில் ஓடும். நடுவில் நனைவது குடியிருப்பவர்தான். 11 மாத ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், கசிவு வந்தால் செலவு யாருடையது என்பதை எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

தரைத்தள வீடானால் தெருவில் எவ்வளவு தண்ணீர் ஏறும் என்று வாட்ச்மேனிடமும் பக்கத்து மளிகைக் கடைக்காரரிடமும் கேளுங்கள். அவர்கள் முழங்காலைத் தொட்டுக் காட்டுகிறார்களா, இடுப்பையா என்று பாருங்கள். தாதர் ஹிந்த்மாதா, மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிளை ஒட்டிய காந்தி மார்க்கெட், சாந்தாகுரூஸ் மிலன் சப்வே ஆகிய இடங்களின் பெயர்கள் ஒவ்வொரு பெருமழையின்போதும் செய்தியில் வரும். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸ் வானிலை நிலையத்தில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் பதிவானது. அந்த வாரத்தை நினைவில் வைத்திருக்கும் ஒருவராவது எல்லாத் தெருவிலும் இருப்பார். அவரைத் தேடிக் கேளுங்கள்.

மே மாத வெயிலை வீணாக்காதீர்கள்

ஜூன் இரண்டாம் வாரத்தில் மழை இறங்கிவிடும். அதற்கு முன் கிடைக்கிற மே வெயில்தான் உங்கள் மூலதனம்.

மெத்தை, தலையணை, கம்பளி எல்லாவற்றையும் இரண்டு நாள் மாடியில் போட்டுப் புரட்டிப் புரட்டிக் காயவிடுங்கள். பருப்பு வகைகளையும் வற்றல் மிளகாயையும் வெயில் காட்டி, சூடு ஆறிய பிறகே டப்பாவில் அடையுங்கள். சூட்டோடு மூடினால் உள்ளேயே வியர்த்துவிடும். ரவையை வறுத்து வைத்தால் வண்டு அண்டாது. ஊரிலிருந்து வரும் அப்பளமும் வடகமும் இங்கே திறந்த ஒரு மணி நேரத்தில் நமுத்துப் போகும். அவற்றை ஒரே பெரிய டப்பாவில் போடாமல் வாரத்துக்கு ஒன்றாகச் சின்னச் சின்னப் பொட்டலங்களாகக் கட்டி, இறுக்கமான டப்பாவில் வையுங்கள்.

பட்டுப்புடவைகளைப் பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்துவிடுங்கள். பிளாஸ்டிக் ஈரத்தை உள்ளே பூட்டி வைக்கும். வெளுத்த மல் துணியில் சுற்றி, காய்ந்த வேப்பிலையும் சிலிக்கா ஜெல் பொட்டலமும் அடுக்கில் போடுங்கள். அந்துருண்டையைக் குழந்தைகளின் உடுப்போடு மட்டும் வைக்கவே வேண்டாம். அதிலுள்ள நாப்தலீன், சில பச்சிளங்குழந்தைகளுக்கு ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்து மஞ்சள் காமாலையில் கொண்டுவிடும்.

பீரோவையும் கட்டிலையும் வெளிச்சுவரிலிருந்து நான்கு விரற்கடை தள்ளிப் போடுங்கள். காற்று போகாத இடைவெளியில்தான் பூஞ்சணம் முதலில் பிடிக்கும். ரேஷன் கார்டு, சான்றிதழ், பத்திரங்களை உறையிலிட்டு உயரமான தட்டுக்கு ஏற்றுங்கள். சொசைட்டி எனப்படும் குடியிருப்புச் சங்கக் கூட்டத்தில் தரைத்தொட்டியும் மாடித்தொட்டியும் கழுவியாயிற்றா, ஏ.சி. பெட்டிகளுக்கு மேலே சஜ்ஜாவில் (ஜன்னலுக்கு மேல் நீட்டியிருக்கும் தளத்தில்) குப்பை அடைத்திருக்கிறதா என்று கேளுங்கள். புதிதாக வந்தவர் கேட்கலாமா என்று தயங்க வேண்டாம். வாடகைக்கு இருப்பவரும் அதே தொட்டித் தண்ணீரைத்தான் குடிக்கிறார்.

மழை பிடித்த பிறகு, அன்றாடம்

தரையை முதலில் நன்றாகப் பெருக்குங்கள். துடைக்கும் துணியைச் சொட்டு விழாத அளவுக்கு முறுக்கிப் பிழியுங்கள். ஒரு அறையைத் துடைத்ததும் மின்விசிறியைப் போட்டு, அது காய்ந்த பிறகு அடுத்த அறைக்குப் போங்கள். ஜாடு-லாதிக்கு, அதாவது பெருக்கித் துடைக்க, ஆள் வைத்திருந்தால் அவரிடமும் இதையே சொல்லுங்கள். அவசரத்தில் அடுத்த வீட்டுக்கு ஓடுகிறவர் ஈரத்தோடு விட்டுப் போவார். அவர் போனதும் காய்ந்த துணியால் மூலைகளை மட்டும் நீங்கள் ஒரு முறை ஒற்றி எடுத்தால் போதும். வாசல் தெளிக்கிற ஆசையை இந்த நான்கு மாதம் அடக்கிக்கொள்ளுங்கள். சால் எனப்படும் வரிசை அறைக் குடியிருப்பின் தாழ்வாரத்திலும் அடுக்ககத்து மாடிப்படி அருகிலும் தெளித்த நீர் மாலைவரை காயாது. வயதானவர்கள் வழுக்கி விழுகிறார்கள். ஈரத்துணியால் ஒரு துடைப்பு துடைத்து, சாக்கட்டியால் கோலம் போடுங்கள்.

துணி உலர்த்துவதுதான் பெரும்பாடு. நனைந்த துணிகளைப் படுக்கையறையில் தொங்கவிட்டு ஜன்னலை மூடிக்கொண்டால், துணியிலிருந்த தண்ணீரெல்லாம் சுவருக்கும் மெத்தைக்கும் போய்விடும். இயந்திரத்தில் இரண்டாம் முறை பிழியவிடுங்கள். வீட்டில் ஒரே ஒரு இடத்தை இதற்கென்று ஒதுக்கி, துணிகளுக்கிடையே கையளவு இடம் விட்டு, விசிறிக் காற்றில் காயவிடுங்கள். உள்ளாடைகளையும் காலுறைகளையும் தேய்ப்புப் பெட்டியால் ஒரு முறை தேய்த்துவிட்டு உடுத்துங்கள். அந்தச் சூடு எஞ்சிய ஈரத்தையும் பூஞ்சையையும் போக்கும். சமைக்கும்போது பாத்திரத்தை மூடி வைத்து, எக்ஸாஸ்ட் விசிறியை ஓடவிடுங்கள். குளித்த பிறகு குளியலறைக் கதவைச் சாத்தி வையுங்கள். மழை ஓய்ந்து வெயில் எட்டிப்பார்க்கிற அரை மணி நேரம் இருக்கிறதே, அப்போது எந்த வேலை இருந்தாலும் விட்டுவிட்டு ஜன்னல்களையும் பீரோவையும் திறந்துவிடுங்கள்.

சுவரில் கருப்புப் புள்ளிகள் வந்துவிட்டால் உலர்ந்த விளக்குமாற்றால் தட்டக் கூடாது. வித்துகள் அறை முழுக்கப் பறந்து, ஆஸ்துமா உள்ள குழந்தைக்கு அன்றிரவே இழுப்பு வரும். மூக்கையும் வாயையும் மூடிக் கட்டிக்கொண்டு, சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் மேலிருந்து கீழாகத் துடையுங்கள். அந்தத் துணியை அலசி மறுபடி பயன்படுத்தாமல் எறிந்துவிடுங்கள். சுவர் நன்றாகக் காய்ந்தபின் நீர்த்த பிளீச்சிங் கரைசலைத் தடவி, மறுபடியும் காயவிடுங்கள். அதன்மேல் உடனே பெயின்ட் அடிப்பது பணத்தை வீணாக்கும் வேலை. நீர் இறங்கும் வழியை வெளியிலிருந்து அடைக்காதவரை அது திரும்பத் திரும்ப வரும். ஒன்றை மறவாதீர்கள்: பிளீச்சிங் பவுடரையும் கழிப்பறை ஆசிடையும் ஒருபோதும் சேர்த்து ஊற்றாதீர்கள். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு எழும். சிறிய குளியலறையில் அது நுரையீரலையே புண்ணாக்கிவிடும்.

சால் வீடுகளில் அறை மூலையில் பாத்திரம் கழுவுகிற மோரி இருக்கும். இரவு கடைசிப் பாத்திரத்தைக் கழுவியதும் அதைத் தேய்த்து, துடைத்து, உலரவிட்டுப் படுங்கள். கரப்பான் பூச்சிக்குச் சோற்றுப் பருக்கையை விடத் தண்ணீர்தான் முக்கியம். பிளம்பர்கள் நஹானி டிராப் என்று சொல்லும் தரைச் சல்லடைக்குக் கீழே எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நிற்கும். சாக்கடை வாடையையும் பூச்சியையும் தடுப்பது அந்தத் தண்ணீர்தான். புழங்காத குளியலறையில் அது வற்றிவிடும் என்பதால் வாரம் ஒரு குவளை ஊற்றுங்கள். வீட்டில் நீங்கள் வேண்டுமென்றே ஈரமாக வைத்திருக்க வேண்டிய இடம் அது ஒன்றுதான்.

குப்பையை ஈரக் குப்பை, உலர் குப்பை என்று பிரித்தே கொடுக்க வேண்டும். மராத்தியில் ஓலா, சுகா என்பார்கள். காய்கறித் தோலை நீர் வடித்துப் போட்டால் புழு வைக்காது.

குடிக்கும் தண்ணீர்

மும்பைக்கு ஏழு ஏரிகளிலிருந்து தண்ணீர் வருகிறது. சுத்திகரித்துத்தான் அனுப்புகிறார்கள். பெரும்பாலான இடங்களில் குழாயில் ஒரு நாளுக்குச் சில மணி நேரம்தான் தண்ணீர் வரும்; மீதி நேரம் குழாய் வெறுமையாகக் கிடக்கும். மழையில் தெரு முழுக்க நீர் தேங்கும்போது, பழைய குழாயின் விரிசல் வழியாகச் சாக்கடை நீர் உள்ளே இழுக்கப்படுகிறது. அதனால் தண்ணீர் திறந்த முதல் சில நிமிடங்களுக்கு வருவதைக் குடிக்கப் பிடிக்காதீர்கள். அதைக் கழிப்பறைக்கு எடுத்து வையுங்கள்.

குடிக்கும் தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகும் ஒரு நிமிடமாவது கொதிக்க வேண்டும். படிகாரம் போட்டால் கலங்கல் படியும், கிருமி சாகாது. கொதித்து ஆறிய தண்ணீரில் கைவிட்டு மொள்ளாமல், பிடி வைத்த மொள்ளியால் எடுங்கள். இதில் நான் யாருக்கும் சலுகை கொடுப்பதில்லை, விருந்தாளிகளுக்கும்கூட. காரணம், கர்ப்பிணிகள். அழுக்குத் தண்ணீரில் வரும் ஹெபடைடிஸ் ஈ என்ற காமாலை மற்றவர்களுக்குப் பெரும்பாலும் தானே ஆறிவிடும். கடைசி மூன்று மாதத்தில் இருக்கும் கர்ப்பிணிக்கு அது உயிருக்கே ஆபத்து.

தெருவில் சாப்பிடாதே என்று யாரையும் தடுக்க முடியாது, அது மும்பையின் சுவை. எண்ணெயிலிருந்து எடுத்த சூட்டோடு வடா பாவ் சாப்பிடுங்கள். பச்சைச் சட்னியும், வெட்டி வைத்த பழமும், ஐஸைச் சீவிச் சாறு ஊற்றித் தரும் ஐஸ் கோலாவும் மழைக்காலத்தில் வேண்டாம். வயிற்றுப்போக்கு வந்தால் முதல் மருந்து ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தில் குறித்திருக்கும் அளவுத் தண்ணீரில் கரைத்து, 24 மணி நேரத்துக்குள் குடித்து முடியுங்கள். பொட்டலம் இல்லையென்றால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. இரண்டையும் தலைதட்டி அளக்க வேண்டும்.

வாரம் ஒரு நாள் கோரடா திவஸ்

சில ஆண்டுகளுக்கு முன் மாநகராட்சிப் பூச்சித் தடுப்புப் பிரிவிலிருந்து ஒருவர் டார்ச் விளக்கோடு வந்தார். என் வீட்டில் எங்கே தண்ணீர் தேங்கப்போகிறது என்று நம்பிக்கையோடு நின்றேன். அவர் நேரே குளிர்சாதனப் பெட்டியின் பின்பக்கம் போய், அடியிலிருந்த சிறிய தட்டை வெளியே இழுத்து, விளக்கை அடித்தார். கண்ணாடி போலத் தெளிந்த தண்ணீர். அதில் நூல்முனை அளவுக்குச் சின்னச் சின்னப் புழுக்கள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தன. வெளிச்சம் பட்டதும் வளைந்து நெளிந்து அடிக்கு ஓடின. அப்படி ஒரு தட்டு அங்கே இருப்பதே எனக்கு அன்றுவரை தெரியாது.

டெங்குக் கொசுவுக்கு வேண்டியது இப்படிப்பட்ட தெளிந்த தண்ணீர்தான். முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும். அதனால்தான் இங்கே வாரம் ஒரு நாளை கோரடா திவஸ், அதாவது உலர் நாள், என்று கடைப்பிடிக்கச் சொல்கிறார்கள். எங்கள் வீட்டில் அது ஞாயிறு. மணி பிளாண்ட் புட்டி, பூந்தொட்டித் தட்டு, குடை வைக்கும் வாளி, ஜன்னல் கம்பிக்கு மேலே கட்டிய தார்ப்பாயின் மடிப்பு, அந்த ஃபிரிட்ஜ் தட்டு என்று எல்லாவற்றையும் கவிழ்க்கிறோம். தண்ணீர் டிரம்மைக் கவிழ்த்தால் மட்டும் போதாது. முட்டைகள் உள்சுவரில் ஒட்டியிருக்கும், மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் தண்ணீர் பட்டதும் பொரிக்கும். தேங்காய் நாரால் சுவரைத் தேய்த்துக் கழுவி, கவிழ்த்து உலர்த்தி, பிறகு நிரப்பித் துணியால் இறுக்கிக் கட்டுங்கள்.

டெங்குக் கொசு பகலில் கடிக்கும். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளுக்கு முழுக்கை உடுப்பு போட்டு அனுப்புங்கள். மலேரியாக் கொசு இரவில் கடிக்கும். அதற்குக் கொசுவலையை மிஞ்சியது எதுவும் கிடையாது. கதவைச் சாத்திக்கொண்டு கொசுவர்த்திச் சுருள் கொளுத்துவதை விட்டுவிடுங்கள், அந்தப் புகை குழந்தைகளின் நெஞ்சுக்கு ஆகாது.

தேங்கிய தண்ணீரில் நடக்க நேர்ந்தால்

முடிந்தவரை நடக்காதீர்கள். அலுவலகத்திலேயே இரண்டு மணி நேரம் காத்திருப்பது மேல். 2017 ஆகஸ்ட் 29 அன்று பெய்த மழையில், நகரின் பெயர்பெற்ற வயிற்றுநோய் மருத்துவர் ஒருவர் வீட்டுக்கு நடந்து போகும் வழியில் திறந்து கிடந்த சாக்கடைக் குழியில் விழுந்து இறந்தார். தண்ணீருக்கு அடியில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

நடந்தே ஆக வேண்டுமானால் வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகக் கால்களைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள். விரலிடுக்குகளைத் துடைத்து உலர்த்தி, கீறல் ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள். எலியின் சிறுநீர் கலந்த நீரிலிருந்து, தோலில் உள்ள சின்ன வெட்டு வழியாகவும் லெப்டோஸ்பைரோசிஸ் என்ற எலிக்காய்ச்சல் நுழையும். 2005 வெள்ளம் வடிந்த பிறகு இந்த நகரம் அதைப் பட்டறிந்தது. இதற்குத் தடுப்பு மாத்திரை உண்டு. தண்ணீரில் நடந்த 72 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். மாநகராட்சி மருந்தகத்துக்குப் போய், புண் இருந்ததா, எத்தனை முறை நடந்தீர்கள் என்பதைச் சொல்லுங்கள். மருந்தையும் அளவையும் மருத்துவரே முடிவு செய்யட்டும். கர்ப்பிணிக்கும் சின்னக் குழந்தைக்கும் வேறு மருந்து என்பதால் வீட்டில் ஒருவருக்குக் கொடுத்ததை எல்லோரும் பகிர்ந்து விழுங்கக் கூடாது.

தோல் செருப்பை மழை முடியும்வரை கட்டி வையுங்கள். இரண்டு ஜோடி ரப்பர் செருப்பு வாங்கி, ஒன்று காயும்போது மற்றதைப் போடுங்கள். சேற்றுப்புண்ணும் படர்தாமரையும் இங்கே வீட்டுக்கு வீடு வரும். அரிக்கிறது என்று மருந்துக்கடையில் கேட்டு வாங்குகிற களிம்புகள் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். இரண்டு நாள் அரிப்பு அடங்கும், பிறகு படை தொடை முழுக்கப் பரவும். தோல் மருத்துவரிடம் காட்டி, அவர் சொன்ன காலம் முழுவதும் பூசுங்கள். துண்டை ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துவிடுங்கள்.

காய்ச்சல் கண்டால்

ஊர் நாட்காட்டியில் காய்ச்சல் தொடங்கிய தேதியைப் பேனாவால் வட்டமிடுங்கள். மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி அது. எந்தப் பரிசோதனை பொருந்தும் என்பதும் அந்த நாள் கணக்கைப் பொறுத்தே. மழைக்காலத்தில் காய்ச்சல் இரண்டாம் நாளும் விடாவிட்டால் ரத்தப் பரிசோதனைக்குப் போய்விடுங்கள். மாநகராட்சி மருந்தகங்களில் மலேரியாப் பரிசோதனை இலவசம். அதுவரை பாராசிட்டமால் மட்டும் போதும். ஆஸ்பிரினோ ஐபுபுரூஃபனோ வேண்டாம்; டெங்குவாக இருந்தால் ரத்தக்கசிவைக் கூட்டிவிடும்.

டெங்குவில் பலரும் ஏமாறுவது காய்ச்சல் இறங்குகிற நாளில்தான். உடம்பு குளிர்ந்துவிட்டது, இனிப் பயமில்லை என்று நினைப்பார்கள். ஆபத்து தொடங்குவதே அப்போதுதான். விடாத வயிற்றுவலி, தொடர்ந்த வாந்தி, ஈறில் ரத்தம், சிறுநீர் குறைதல், குழந்தை துவண்டு கிடத்தல், இவற்றில் ஒன்று தெரிந்தாலும் இரவு எந்நேரமானாலும் மருத்துவமனைக்குப் புறப்படுங்கள். சயான் மருத்துவமனை, பரேலில் கே.இ.எம்., தொற்றுநோய்களுக்கென்றே சிஞ்ச்போக்லியில் கஸ்தூர்பா என்று மாநகராட்சியின் பெரிய மருத்துவமனைகள் இருக்கின்றன. ஆம்புலன்ஸுக்கு 108, வெள்ளம், திறந்த சாக்கடைக் குழி போன்றவற்றுக்கு மாநகராட்சியின் 1916. இந்த இரண்டு எண்களையும் சமையலறைச் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள், ஊரிலிருந்து வந்திருக்கும் மாமியாருக்கும் தெரியும்படி தமிழில்.

மலேரியா என்று தெரிந்தால் மாத்திரையை நடுவில் நிறுத்தாதீர்கள். ஒரு வகை மலேரியா ஈரலில் ஒளிந்திருந்து மாதங்கள் கழித்துத் திரும்பும். அதற்குத்தான் 14 நாள் மாத்திரை. ஜன்னல் மூடிய சிறிய வீட்டில் யாருக்காவது இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் சளிப் பரிசோதனை செய்துவிடுங்கள். காசநோய் இந்த நகரத்தில் யாருக்கும் வரலாம், மருந்து இலவசம், முழுதாகச் சாப்பிட்டால் குணமாகும். மறைத்து வைத்தால்தான் வீட்டிலிருக்கும் பிள்ளைகளுக்கும் போகும்.

அக்டோபர் வந்ததும்

அக்டோபரில் மழை விலகியதும் இரண்டு மூன்று வாரம் சுள்ளென்று வெயில் அடிக்கும். மெத்தைகளை மறுபடி மாடிக்கு ஏற்றுங்கள். பட்டுப்புடவைகளைப் பிரித்து, மடிப்பை மாற்றி, நிழலில் காற்றாட விடுங்கள். கூடவே ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு வெளிச்சுவராகப் போய், இந்த ஆண்டு ஈரம் எதுவரை ஏறியது என்று கோடு போட்டுத் தேதியை எழுதுங்கள். அதைப் படம் எடுத்து, வீட்டுச் சொந்தக்காரருக்கும் சொசைட்டிச் செயலருக்கும் அதே வாரம் அனுப்பிவிடுங்கள். வெளிச்சுவர்ப் பூச்சு வேலைக்கு ஆள் கிடைப்பதும், சுவர் முழுதாகக் காய்ந்திருப்பதும் நவம்பருக்கும் ஏப்ரலுக்கும் இடையில்தான். மே மாதம் கேட்டால் கொத்தனார்கள் எல்லோரும் வேறு வீட்டுச் சாரத்தில் நிற்பார்கள்.